எஃகு அச்சும் கணிப்பொறியும்

கரும்பு விளையும் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் உண்டு. பாகை அச்சில் வார்ப்பவர், அது மூலைமுடுக்கெல்லாம் பரவுகிறதா என்று கண்ணாலேயே கண்டுகொள்வார். பிளாஸ்டிக் வார்ப்பவருக்கோ அவ்வசதி இல்லை.

1965-இல் தருமபுரி மாவட்டம் தோன்றியது முதல் 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும் வரை ஒசூர் அம்மாவட்டத்து ஊராகவே இருந்தது. அங்கே மோட்டார் வண்டித் தொழில் வளர்ந்தது. வண்டியின் உறுப்புகளுள் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. குறுமணிகளாக வரும் பிளாஸ்டிக், சூடேறிய உருளைக்குள் சுழலும் திருகினால் உருக்கப்படுகிறது. பின்னர் அத்திருகே முன்னே நகர்ந்து, குழம்பை மூடிய எஃகு அச்சினுள் பேரழுத்தத்துடன் செலுத்துகிறது. பாலிபுரோப்பிலீன் என்னும் வகைக்கு 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். சிறிய அச்சு ஓரிரு நொடிகளில் நிறைந்துவிடும். உள்ளே நிகழ்வதை யார் காண்பது?

குழம்பு ஒரு தடையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபுறம் கூடும்போது, அதன் முனைகள் ஆறத் தொடங்கியிருந்தால் நன்றாக ஒட்டா. அவ்விடத்தில் மயிரிழை போன்ற கோடு ஒன்று தோன்றும். உறுப்பு உடைந்தால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். அடைபட்ட காற்று மூலையைக் கருக்கிவிடுவதும், தடித்த பகுதி மெதுவாக ஆறுவதால் உறுப்பு கோணிப்போவதும் உண்டு. முன்பெல்லாம் இக்குற்றங்கள் அச்சைச் செய்து முடித்த பின்னரே தெரிந்தன. எஃகைக் குடைய வாரங்கள் பல ஆகும். குடைந்ததை மீண்டும் நிரப்புவது எளிதன்று. சில வேளைகளில் அச்சையே எறிந்துவிட நேரும்.

எஃகைத் தொடுமுன் கணக்கிட்டுப் பார்த்தால் என்ன? காலின் ஆஸ்டின் என்னும் பொறியாளர், இதற்கெனவே 1978-இல் ஆஸ்திரேலியாவில் மோல்டுஃபுளோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று கணிப்பொறி, உறுப்பின் வடிவத்தை ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பகுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றிலும் குழம்பின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் நொடியின் சிறு கூறுதோறும் கணக்கிடுகிறது. அத்தனை எண்களையும் படிக்க எவருக்குப் பொறுமை உண்டு? ஆகவே அவற்றை நிறங்களாக்கித் திரையில் காட்டுகிறது. முதலில் நிறையும் பகுதி நீலம் என்றால், கடைசியில் நிறைவது சிவப்பு. மயிரிழைக் கோடும் அதில் தெரியும். குழம்பு நுழையும் வாயை வேறிடத்தில் வைத்துக் கணக்கிட்டால் அக்கோடும் இடம் மாறும். பத்து முறை மாற்றினாலும் எஃகில் ஒரு கீறலும் விழாது.

ஆயினும் கணிப்பொறி தனக்குத் தந்த எண்களையே நம்பும். எந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்தே அறியவேண்டும். பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் கலந்துவிட்டு, புதியதற்குரிய எண்களைத் தந்தால் திரையில் வரும் படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பொய். சென்னைக் கிண்டியில் 1968-இல் தொடங்கப்பெற்று, இன்று சிப்பெட் என வழங்கும் நிறுவனத்தில் அச்சு வடிவமைப்போடு பிளாஸ்டிக்கைச் சோதிக்கும் முறையும் கற்பிக்கப்படுகிறது.

அச்சு முடிந்த நாளில், முதலில் வார்த்த உறுப்பைக் கையிலெடுத்து, திரையில் கண்ட கோடு அவ்விடத்திலேயே உள்ளதா என்று தேடிப் பார்ப்பர்.