வளர்ப்பு நாயின் கருணைக்கொலை: ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

குணமாகாத நோயிலோ பிழைக்க வழியில்லாத காயத்திலோ தவிக்கும் நாயை மயக்கத்தில் ஆழ்த்தி, வலியின்றி உயிர் பிரியச் செய்வதே கருணைக்கொலை. முதுமையோ, பார்வை போனதோ, பராமரிக்க ஆளில்லாததோ மட்டும் அதற்குக் காரணமாகாது. நாய் தானாகத் தின்கிறதா, எழுந்து நிற்கிறதா, மருந்துக்கு வலி அடங்குகிறதா என்று பார்த்தே மருத்துவர் முடிவு சொல்வார். ஐயமிருந்தால் வேறொரு கால்நடை மருத்துவரிடமும் காட்டலாம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தானதும் வழக்கமாக முதலில் அமைதிப்படுத்தும் ஊசி போடப்படும். நாய் துவண்டு படுத்தபின், முன்காலின் ரத்தநாளம் வழியாகப் பெண்டோபார்பிட்டால் போன்ற மயக்க மருந்து மிக அதிக அளவில் செலுத்தப்படும். சில நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் மூச்சும் இதயமும் நிற்கும். கண்கள் திறந்தே இருக்கும். சிறுநீர் கழியலாம், தசை துடிக்கலாம், ஓரிரு முறை மூச்சிழுப்பதுபோலத் தோன்றலாம். பார்ப்பவரை இது உலுக்கிவிடும். ஆனால் நாய்க்கு அப்போது வலி கிடையாது.

மயக்கம் தராமல், மக்னீசியம் சல்பேட்டையோ தசைகளை முடக்கும் மருந்தையோ நேரடியாக ஏற்றுவதுதான் கொடுமை. உடல் அசையாததால் அமைதியான சாவாகத் தெரியும். உள்ளே நாய் நினைவோடு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். ஆகவே எந்த மருந்து, மயக்கம் முதலில் தரப்படுமா என்று தயங்காமல் கேட்க வேண்டும். அதைக் கேட்பது உரிமையாளரின் உரிமை.

1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, இதயத்தில் ஸ்டிரிக்னைன் ஊசி போட்டோ வேறு கொடூர வழியிலோ கொல்வது குற்றம். வளர்த்த நாயைத் தவிக்கவிட்டுத் தெருவில் கைவிடுவதும் குற்றமே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு, தீங்கு செய்யும் நோக்கில் விலங்கைக் கொல்வோருக்கு 5 ஆண்டுவரை சிறை விதிக்கிறது. இத்தகைய குற்றங்களைக் காவல் நிலையத்தில் புகார் செய்யலாம்; மருத்துவரின் தவறென்றால் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தை அணுகலாம்.

அண்மையில் யாரையாவது கடித்த நாய் என்றால், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். வெறிநோய் ஐயமிருந்தால், இறந்தபின் மூளை மாதிரியைச் சோதித்து உறுதி செய்யலாம். ஆனால் கடிபட்டவர் அந்த முடிவுக்குக் காத்திராமல் உடனே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்து சடலத்திலேயே தங்கிவிடும். அதைத் தின்னும் காகம், பருந்து, தெருநாய்களும் சாகக்கூடும். எனவே சடலத்தை எரியூட்டுங்கள். இயலாவிட்டால் கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் தள்ளி ஆழமாகப் புதையுங்கள். குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.