கட்டைவிரல் கேட்குது மெடிக்கல் லீவு!

துரோணர் ஏகலைவனிடம் கேட்டது கைக் கட்டைவிரலை. கால் கட்டைவிரலைக் கேட்டிருந்தால், பையன் வில்லாவது விட்டிருப்பான். ஓடத்தான் சிரமப்பட்டிருப்பான்!

குதிகால் தரையை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் மேல்நோக்கி வளைந்துதான் உடம்பை முன்னால் தள்ளுகிறது. அதன் அடிமூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டின் மேல் எலும்பு முண்டு முளைத்தால் விரல் வளைய மறுக்கும். டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர், 'ஹாலக்ஸ் ரிஜிடஸ்'. ரோமானியத் தளபதி பெயர் மாதிரி இருக்கிறது, இல்லையா? அர்த்தம், 'விறைத்த கட்டைவிரல்'. அவ்வளவுதான்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் விடியற்காலையில் ஓடுகிற ஷிஃப்ட் ஆசாமிகளில் நானும் ஒருவன். எனக்குத் தொப்பை கவலை. கூட ஓடும் தம்பிக்கோ போலீஸ் கனவு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடி முடிக்கணும். பயலுக்குக் கட்டைவிரல் மூட்டில் வலி.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடிடறேண்ணே..."

"ஓடறது பல்லு இல்ல தம்பி, காலு!"

வலிக்கு பயந்து பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றி ஓடினால் முழங்கால், இடுப்பு எல்லாம் சேர்ந்து கொடி பிடிக்கும். உலகப் புகழ் கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீலுக்கே 2002 செப்டம்பரில் வலது கட்டைவிரல் மூட்டில் ஆபரேஷன் நடந்தது. ஏழடி உயர மனிதரையே ஒரு விரல் உட்கார வைத்துவிட்டது!

நீங்களே பரிசோதிக்கலாம். பாதத்தைத் தரையில் பதித்து உட்கார்ந்து, கட்டைவிரலைக் கையால் மேலே தூக்குங்கள். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். ஒன்று கம்மியாக வளைந்து, மூட்டின் மேல்புறம் வலித்தால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே விஷயத்தைச் சொல்லிவிடும். ராத்திரியில் திடீரென்று வீங்கி, சிவந்து, சுட்டால் அது வேறு கேஸாக இருக்கலாம். யூரிக் அமிலம் செய்யும் 'கவுட்' வேலை. விரல் பக்கவாட்டில் சாய்ந்து முண்டு தள்ளினால், அது 'பனியன்'. (நீங்கள் போட்டிருக்கும் பனியன் இல்லை சார்!)

ஷூ வாங்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும். அப்போதுதான் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். முன்பக்கம் அகலமாக, விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். இந்த வலி உள்ளவர்களுக்கு விறைப்பான அடிப்பாகமும், படகு மாதிரி முன்னால் வளைந்த சோலும் நல்லது. விரலுக்குப் பதில் ஷூ உருண்டு கொடுக்கும். சேஃப்டி ஷூவின் இரும்புத் தொப்பி விரலைக் காக்கத்தான். அது விரலைக் கடித்தால், ஒரு சைஸ் பெரியதாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆரம்பத்திலேயே கவனித்தால் ஷூ, ஓய்வு, மருந்து இவற்றிலேயே பலருக்கு வலி அடங்கிவிடும். முற்றினால் எலும்பு முண்டைச் செதுக்கலாம். ரொம்ப முற்றினால் மூட்டையே அசையாமல் இணைக்கலாம். அதற்குப் பிறகும் ஓடுகிறவர்கள் உண்டு.

தம்பி இப்போது வாரத்தில் மூன்று நாள் ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள் மிதிக்கிறான். மூச்சுக்குப் பயிற்சி, விரலுக்கு லீவு. கேட்கும்போதே கொடுத்தால் நாள் கணக்கில் முடியும். மறுத்தால்... லாங் லீவுதான்!