ஊர் நடுவே – 11: ஆறு அங்குலம்

சென்னை தி.நகரில் பாண்டி பஜார் என்று நாம் சொல்லும் சர் தியாகராயா சாலையில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. பனகல் பூங்காவிலிருந்து அண்ணா சாலைப் பக்கம் போகிற அந்தச் சாலையில் வண்டிகளின் இடத்தைக் குறைத்து, இரு பக்கமும் நடப்பவர்களுக்கு இடத்தைக் கூட்டினார்கள். சீர்மிகு நகரத் திட்டத்தில் நடந்த வேலை. பேச்சளவில் இருந்தபோதே, வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர் வேறு பக்கம் போய்விடுவார் என்று வியாபாரிகள் பலர் கலங்கினார்கள். வேலை தொடங்கும் முன் சாலையில் தடுப்புகளை வைத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள். சிமென்ட் கலப்பதற்கு முன்பே ஒரு தெரு எப்படி மாறும் என்று ஊருக்குக் காட்டிவிட்டதை, அந்தத் திட்டத்தில் எடுத்த மிக நல்ல முடிவு என்பேன்.

சாயங்காலம் போய்ப் பாருங்கள். குடும்பத்தோடு ஜவுளி எடுக்க வந்த பாட்டிகள் முன்பெல்லாம் கடைவாசல் படியில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காவலாளி வந்து நகரச் சொன்னால் எழுந்து நிற்க வேண்டும். இப்போது இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் பைகள், மடியில் பேரக்குழந்தை. எதையும் வாங்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் ஊர் நடுவில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. நம் கடைவீதிகளில் பெரும்பாலானவற்றில் அப்படி ஓர் இடம் இல்லவே இல்லை.

ஆனால் பாண்டி பஜாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அழகைப் பற்றியே பேசுகிறார்கள்: தரைக்கல், விளக்கு, சிற்பம். மற்ற ஊர்களில் நகல் எடுப்பவர்களும் அதைத்தான் எடுக்கிறார்கள். நடைபாதை நன்றாக இருக்கிறதா என்பதைக் கல் தீர்மானிப்பதில்லை, மட்டம் தீர்மானிக்கிறது.

நடைபாதைகளுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இருக்கிறது. சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. ஏறத்தாழ ஆறு அங்குலம். நடப்பதற்கென்று 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் எந்தத் தடையும் இல்லாமல் விட வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து போகப் போதுமான அகலம் அது. கடைவாசலில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு பட்டை, நடுவில் நடப்பதற்கு ஒரு பட்டை, மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி, இருக்கைக்கெல்லாம் சாலையோரமாக ஒரு பட்டை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாமல் பிரிந்திருந்தால்தான் அது நடைபாதை. நம்மூரில் மின்பெட்டி இருப்பது நடுப்பட்டையில்தான்.

நம்மூர் நடைபாதைகளில் அந்த ஆறு அங்குலம் ஏன் ஒன்றரை அடியானது? சென்னையில் பல இடங்களில் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் நடைபாதை. வடிகாலுக்கு என்ன உயரம் வேண்டுமோ அந்த உயரத்தில் மூடி நிற்கும். நடப்பவர் கால் எவ்வளவு தூக்க முடியும் என்பது கணக்கிலேயே வராது. முழங்கால் வலிக்காரர் அதில் ஒரு தடவை ஏறலாம். ஆனால் இருபது அடிக்கு ஒரு கடைவாசல், ஒரு கேட். ஒவ்வொரு கேட்டிலும் வண்டி உள்ளே போவதற்காக நடைபாதையை வெட்டிச் சாலை மட்டத்துக்குச் சரித்துவிடுகிறார்கள். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஐந்தாவது கேட்டில் அவர் சாலையில் இறங்கிவிடுகிறார். பிறகு ஏறுவதில்லை. 'நடைபாதை போட்டுக் கொடுத்தாலும் ஜனங்கள் ரோட்டில்தான் நடக்கிறார்கள்' என்று நாம் அவரைத்தான் குறை சொல்கிறோம். கேட்டுக்கு நேரே நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும். ஏறி இறங்க வேண்டியது வண்டிதான். இன்ஜின் அதற்கிருக்கிறது, முழங்காலுக்கு இல்லை.

அடுத்த சங்கடம் பைக். அகலமான நடைபாதை கிடைத்ததும் அதில் பைக் ஓடும், நிற்கும். அதைத் தடுக்க விளிம்பில் குத்துக்கட்டை நடுகிறார்கள். சக்கர நாற்காலி நுழைய ஒரு மீட்டராவது இடைவெளி விட வேண்டும். நாற்காலி நுழைகிற இடைவெளியில் பைக்கும் நுழையும். நெருக்கி நட்டால் பைக் நிற்கும், நாற்காலியும் நின்றுவிடும். சில ஊர்களில் அப்படித்தான் நெருக்கி நட்டிருக்கிறார்கள். கட்டை செய்ய முடியாததைப் போக்குவரத்துக் காவலரும் அபராதமும் செய்தாக வேண்டும். திறப்பு விழாவோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் எந்தத் தெருவும் இரண்டு வருடத்தில் வாகன நிறுத்தமாகிவிடும்.

நடைபாதை வியாபாரிகள் விஷயம் எல்லாவற்றையும்விடக் கடினமானது. பாண்டி பஜாரின் சாலையோர வியாபாரிகளை வளாகம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2013-ல், மாநகராட்சி கட்டிய அடுக்குக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கூரை கிடைத்தது, மழைக்கும் போலீசுக்கும் பயப்பட வேண்டாம். ஆனால் கைக்குட்டையும் பொட்டும் வளையலும் வாங்க யாரும் மாடி ஏறுவதில்லை. நடக்கிறவர் கண்ணில் பட்டால்தான் அந்தச் சரக்கு விற்கும். அவர்கள் போனபின் வேறு சிலர் தரையில் கடை விரித்தார்கள், இன்றும் விரிக்கிறார்கள். தேவை இருக்கும்வரை விரிப்பார்கள்.

2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, விற்பனை மண்டலங்கள், வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கும் நகர விற்பனைக் குழு. தெருவை வரைகிற நாளிலேயே அந்தக் குழுவை அழைத்து, மரமும் இருக்கையும் வரும் பட்டையில் இத்தனை அடிக்கு ஒரு கடை என்று கோடு போட்டுக் கொடுத்திருக்கலாம். பூக்காரம்மா இல்லாத கடைவீதி எனக்குப் பாதிக் கடைவீதிதான். அவர் உட்கார்ந்திருப்பதால்தான் இருட்டிய பிறகும் பெண்கள் அந்த இடத்தில் பயமில்லாமல் நடக்கிறார்கள்.

இதே தி.நகரில் 2023 மே மாதம் இன்னொரு வசதி வந்தது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை. லிஃப்ட் உண்டு, நகரும் படிக்கட்டு உண்டு. தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவைக் கடந்து பேருந்து பிடிக்க வேண்டியவருக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆகாய நடைபாதையும் பாண்டி பஜார் நடைபாதையும் ஒரே வகை அல்ல. ஒன்று நடப்பவரை மேலே தூக்கிவிட்டுத் தரையைப் பழையபடி விட்டுவைக்கிறது. மற்றது தரையையே அவருக்குத் தருகிறது. ரயில் நிலையம் போன்ற இடங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நான் தரையைத்தான் கேட்பேன்.

கேட்பதற்கு எழுத்திலேயே ஆதாரம் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றபோது, போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று எழுதிக்கொண்டது. மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் நகராட்சியிடம் அதையே மேற்கோள் காட்டிக் கேட்கலாம்.

உங்கள் ஊர்க் கடைவீதியைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், கணினியில் வரைந்த வண்ணப்படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். குறுக்குவெட்டு வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நடைபாதை உயரம் எத்தனை மில்லிமீட்டர், கேட் வரும் இடத்தில் மட்டம் தொடர்கிறதா, மின்பெட்டி எந்தப் பட்டையில், பூக்காரம்மா எங்கே உட்காருவார் என்று கேளுங்கள். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் பொறியாளரும் ஓர் அங்குலம் கூட மாற்ற மாட்டார்.

(தொடரும்)