விளக்கணைந்த தீவில் இருவர்

அவுஸ்திரேலியக் கண்டத்தின் தென்கிழக்கே கிடக்கும் தஸ்மேனியா தானே ஒரு தீவு. அதன் தெற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தள்ளி, அந்தாட்டிக்காவை நோக்கி விரியும் பெருங்கடலின் விளிம்பிலே, இன்னொரு சிறு தீவு உண்டு. அதன் பெயர் மாட்சைக்கர். பரப்பளவு 186 ஹெக்டேயர். அங்கே கடையில்லை, தெருவில்லை, இறங்குதுறை என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. ஆறு மாதத்திற்கு ஒருதடவை ஹெலிகொப்டரில் இருவர் வந்திறங்குவர். ஏற்கனவே அங்கிருந்த இருவர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவர். இடைக்கிடை வந்து போகும் வேலையாட்களையும் ஆய்வாளர்களையும் தவிர்த்தால், அத்தீவின் குடித்தொகை இரண்டு.

தீவின் பெயர் நம்மவர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1642 ஆம் ஆண்டில் அக்கடல் வழியே சென்ற ஒல்லாந்த மாலுமி ஏபல் தஸ்மன், பத்தாவியாவிலிருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆலோசனைச் சபை உறுப்பினரான ஜொவான் மாட்சைக்கரின் பெயரை இங்கே இட்டான். அதே மாட்சைக்கர்தான் 1646 முதல் 1650 வரை இலங்கையில் ஒல்லாந்தர் வசமிருந்த கரையோரங்களுக்கு ஆளுநராக இருந்தார். 1653 இல் பத்தாவியாவில் ஆளுநர் நாயகமானார். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியபோது அப்பதவியில் இருந்தவரும் அவரே. தன் பெயரைத் தாங்கிய தீவை அவர் கண்ணாலும் கண்டதில்லை. அவரது நிர்வாகத்தின் கீழ் வரி கட்டிய நம் முன்னோரும் அவரைக் கண்டிருக்க மாட்டார்கள்.

அத்தீவின் உச்சிச் சரிவிலே 1891 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு வெளிச்சவீட்டில் முதன்முதலாக விளக்கேற்றினார்கள். கலங்கரை விளக்கம் என்பது ஏட்டு வழக்கு; பருத்தித்துறையில் பிறந்தவர்க்கு அது என்றும் வெளிச்சவீடுதான். செங்கல்லாற் கட்டிய கோபுரம் 15 மீற்றர் உயரந்தான். ஆனால் குன்றின் மேல் நிற்பதால் விளக்கு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 140 மீற்றர் உயரத்தில் அமைந்தது. விளக்கைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக் கூடு இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகருக்கு அண்மையில் சான்ஸ் சகோதரர் தொழிற்சாலையிலே வார்க்கப்பட்டது. ஆளுயரத்தை விஞ்சிய அந்தக் கூட்டின் நூற்றுக்கணக்கான பட்டைக் கண்ணாடிகள், ஒரு சிறு சுடரின் ஒளியைத் திரட்டிப் பல மைல் தூரத்துக்கு எறிந்தன.

அந்தச் சுடருக்குக் காவலாக மூன்று குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. கண்ணாடிக் கூடு சுழல்வதற்கு மணிக்கூட்டைப்போன்ற ஒரு பொறி. அதற்கு இரவு முழுவதும் முறைவைத்துச் சாவி கொடுக்கவேண்டும். பகலிலே கண்ணாடிகளைத் துடைத்துத் திரையிட்டு மூடவேண்டும். இல்லாவிடில் இரவின் ஒளியைத் திரட்டும் அதே கண்ணாடி பகலில் வெயிலைத் திரட்டித் தீ மூட்டிவிடும். பாறை இடுக்கொன்றிலே வள்ளத்திலிருந்து இறக்கிய சாமான்களைச் செங்குத்தான தண்டவாளத்தில் வண்டியேற்றி, குதிரையைக்கொண்டு கயிற்றை இழுத்து மேலே கொண்டுவந்தார்கள். தந்தியும் தொலைபேசியும் இல்லாத ஆரம்ப காலத்தில் ஹோபார்ட் நகருக்குச் செய்தி அனுப்பப் புறாக்கள் இருந்தன. ஒன்றாவது போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில், ஒரே செய்தியை ஒன்றுக்கு மேற்பட்ட புறாக்களிடம் கட்டி அனுப்புவார்களாம். பிள்ளைகள் நோயுற்றபோது புறாவை அனுப்பிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மாரை எண்ணிப் பார்க்கலாம்.

1996 இல் அந்தப் பெரிய விளக்கை அணைத்தார்கள். சூரிய ஒளியில் மின்னேறித் தானாக எரியும் ஒரு சிறு விளக்கு இப்போது அந்த வேலையைச் செய்கின்றது. அவுஸ்திரேலியக் கரையில் மனிதர் காவலிருந்து எரித்த விளக்குகளுள் கடைசிவரை எஞ்சியவற்றில் மாட்சைக்கரும் ஒன்று. கப்பலோட்டியைக் கேட்டால் அங்கே இனி மனிதர் தேவையில்லை என்பான்.

அப்படியாயின் அந்த இருவர் அங்கே எதற்கு? விளக்குக்கு மனிதர் தேவைப்படாதிருக்கலாம், வீடுகளுக்குத் தேவை. வருடத்தில் ஏறத்தாழ 250 நாட்கள் மழை பெய்யும் இடம் அது. 1991 ஆகஸ்டில் மணிக்கு 176 கிலோமீற்றர் வேகத்தில் அங்கே காற்று வீசியதாகப் பதிவு உண்டு. உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. ஈரம் சுவரில் பூஞ்சணமாய்ப் படர்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு என்ன நேரும் என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஓடு ஒன்று விலகினால், அதை அன்றே சரிசெய்ய ஓர் ஆள் இல்லையென்றால், மூன்றாம் மாரிக்குக் கூரை இராது. தஸ்மேனியப் பூங்காக்கள், வனவிலங்குகள் சேவை இருவர் இருவராகத் தொண்டர்களைத் தெரிவுசெய்து ஆறுமாத முறையில் அங்கே அனுப்புவது இதனாலேதான். சம்பளம் இல்லை. உணவும் தம் கைப்பொறுப்பு. எனினும் அந்த இடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். முன்னொரு காலத்தில் காவலரின் மனைவியர் பாதி வேலையைச் செய்தும் சம்பளப் பட்டியலில் பெயரின்றி இருந்தனர். இப்போது இருவர் பெயரும் பட்டியலில் உண்டு, சம்பளந்தான் இருவருக்கும் இல்லை. இதையும் ஒருவகைச் சமத்துவம் என்றே கொள்ளவேண்டும்.

புறப்படுமுன் செய்யும் ஆயத்தமே ஒரு பெரும் படிப்பு. இரண்டு பேர் ஆறு மாதத்தில் எத்தனை கிலோ மா தின்பார்கள்? எத்தனை முட்டை? தேயிலை எவ்வளவு? ஹெலிகொப்டர் தூக்கக்கூடிய பாரத்துக்கு எல்லை உண்டாகையால் ஒவ்வொரு பெட்டியும் நிறுக்கப்படும். உப்பை மறந்தால் வாங்கிவரச் சந்தியில் கடையில்லை. பெட்டிகளை மூடுமுன் பூச்சி, புழு, களைவிதை ஒன்றும் உள்ளே இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். சப்பாத்தின் அடியில் ஒட்டிய மண்ணையும் சுரண்டிக் கழுவவேண்டும். இருவரும் வைத்தியப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். பல் வைத்தியரிடம் போய்வருவதும் புத்திசாலித்தனம். கடும் காற்றும் தாழ்ந்த முகிலும் சேர்ந்தால் ஹெலிகொப்டர் நாட்கணக்கில் வரமாட்டாது. நடுநிசியில் பல் வலித்தால் அது வலித்துக்கொண்டே இருக்கும்.

அவர்களுடைய நாள் வானத்தைப் பார்ப்பதோடு தொடங்குகின்றது. காலையிலும் பிற்பகலிலும் குறித்த நேரத்தில் வெளியே வந்து, மழைமானியில் சேர்ந்த நீரை அளந்து, வெப்பமானியையும் அமுக்கமானியையும் வாசித்து, வானத்தை எட்டுக் கூறாக மனத்தில் வகுத்து எத்தனை கூறு முகில் மூடியிருக்கின்றது என்று கணித்து, முகில் எவ்வகையது, கண்ணுக்கு எட்டும் தூரம் எவ்வளவு, கடல் எத்திசையிலிருந்து எவ்வளவு உயரமாகப் புரள்கின்றது என்பதையெல்லாம் குறித்து, வளிமண்டலவியல் பணியகத்துக்கு அனுப்புவார்கள். தீவிலே தானியங்கிக் கருவியும் இருக்கின்றது. காற்றின் வேகத்தை மனிதனிலும் திறமையாக அது சொல்லும். ஆனால் தென்மேற்கில் ஒரு கரிய திரை எழுந்து வருவதையும், அலையின் முகம் மாறுவதையும் கண்டு சொல்ல அதற்குக் கண் இல்லை. தென் கடலில் சிங்கிறால் பிடிக்கும் படகுக்காரர்களுக்கு மாட்சைக்கரின் காலநிலைச் செய்தி பொழுதுபோக்குச் சமாசாரம் அன்று. புறப்படுவதா, குடாவுக்குள் ஒதுங்கி நிற்பதா என்பதை அது தீர்மானிக்கின்றது. மேற்கிலிருந்து தென் அமெரிக்காவின் முனை தொடங்கி அவ்விடம் வரை காற்றை மறிக்கத்தக்க நிலம் அக்கடலில் அரிது.

விளக்குக்காவலர் காலந்தொட்டு இவ்வவதானம் நடைபெறுகின்றது. நான் பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில், நீண்ட பதிவொன்றின் பெறுமதி அதன் இடையறாமையில் இருக்கின்றது என்று மாணவருக்குச் சொல்வதுண்டு. ஒரு நாள் பதிவு தவறினால் தவறியதுதான். மறுநாள் இருமடங்கு உழைத்தாலும் அதை மீட்க முடியாது. ஆகையால் அந்த இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

மீதி நேரம் புல்லுக்குரியது. பாதைகளிலும் வீட்டுச் சுற்றிலும் ஹெலிகொப்டர் இறங்கும் தளத்திலும் புல் வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டி முடிப்பதற்குள் தொடங்கிய இடத்தில் மீண்டும் வளர்ந்துவிடும். பீலிகளைத் துப்புரவாக்க வேண்டும், ஏனெனில் கூரையில் விழும் மழைதான் குடிதண்ணீர். துருவைச் சுரண்டி வர்ணம் பூசவேண்டும். பழைய காவலரின் குடும்பங்கள் கொண்டுவந்து நட்ட வெளியூர்ச் செடிகள் காட்டுக்குள் பரவாமல் பிடுங்கவேண்டும். தீவின் நண்பர்கள் என்ற தொண்டர் குழுவொன்றும் காலத்துக்குக் காலம் வந்து இதற்கு உதவுகின்றது. அணைந்த விளக்கின் கண்ணாடிக் கூடு இன்றும் கோபுரத்தில் அதே இடத்தில் இருக்கின்றது. அதன் அறையில் ஈரம் தங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையிலே, நீர்ப்பெயற்றுத் துறைமுகத்தின் விளக்குமாடத்தைப் புலவர் உருத்திரங்கண்ணனார் வர்ணிக்கும்போது, அதிலே சாத்தியிருக்கும் ஏணியையும் ஏறுதற்கு அரிய அதன் உச்சியையும் சொல்கிறார். விளக்கைச் சொன்னார், ஏணியைச் சொன்னார். மாலைதோறும் அதில் ஏறிய ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உலகத்து வெளிச்சவீடுகளைப் பாடியவர்களிற் பலரும் அப்படியேதான்.

தீவின் உண்மையான குடிகள் பறவைகள். குறுவால் கத்தரிநீர்ப்பறவை என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு கடற்பறவையினம் இலட்சக்கணக்கில் அங்கே நிலத்தைக் குடைந்து வளைகளில் முட்டையிடுகின்றது. செப்தெம்பர் கடைசியில் வந்து சேரும். நவம்பர் இறுதியில் ஒவ்வொரு சோடியும் ஒரேயொரு முட்டை இடும். சனவரி நடுவில் குஞ்சு பொரிக்கும். பகலெல்லாம் கடலில் இரைதேடிவிட்டு, இருட்டியதும் அத்தனை பறவைகளும் கூச்சலோடு திரும்பி வந்து தத்தம் வளையைத் தேடும். முதன்முறை கேட்பவர்க்கு அன்றிரவு நித்திரை வராது. வளைகள் நிறைந்த நிலத்தில் பாதையை விட்டு ஒரு அடி விலகினால் கால் புதைந்து, உள்ளே ஒரு குஞ்சு நசிந்துபோகலாம் என்பதால் காவலர்கள் பாதையிலேயே நடக்கப் பழகுகிறார்கள். ஏப்ரல் நடுவில் தாய் தந்தைப் பறவைகள் குஞ்சுகளை வளையில் விட்டுவிட்டு வட பசுபிக் கடலை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. இரண்டு மூன்று கிழமைகள் கழித்து, பசி மிகுந்து, உடற்கொழுப்புக் கரைந்து, சிறகு முற்றிய குஞ்சுகள் எவருடைய வழிகாட்டலும் இன்றி அதே திசையில், ஏறத்தாழ 15,000 கிலோமீற்றர் பறக்கின்றன. அதன்பின் தீவு சட்டென்று மௌனமாகிவிடுகின்றது. மாரிகால முறையில் அங்கிருப்பவர்களுக்கு அந்த மௌனத்துக்குப் பழகுவதே பெரும்பாடு என்கிறார்கள்.

இத்தகைய வாழ்வைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் தனிமையைத் தவமென்று புகழ்கின்றன. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தனிமை தன்னளவில் யாரையும் உயர்த்துவதில்லை என்பதை, அகதிமுகாம் அறையொன்றில் விண்ணப்ப முடிவுக்காகச் சுவரைப் பார்த்திருந்த எவரும் அறிவார். மாட்சைக்கரில் இருப்பவர்கள் தாங்களாகக் கேட்டுப் போனவர்கள். திரும்பும் மாதமும் அவர்களுக்குத் தெரியும். ஆறு மாதம் என்பது அவர்களுக்கு ஆறு மாதமே. அதைவிட முக்கியமானது, காலை எழுந்ததும் அவர்களை எதிர்பார்த்து ஒரு வேலை இருக்கின்றது. அவர்கள் அனுப்பும் இலக்கங்களை எங்கோ ஒருவர் காத்திருந்து வாசிக்கிறார். வேலை செய்ய அனுமதியின்றி வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்லப்பட்ட ஒருவருக்கு, கடலையும் காற்றையும் விட அந்த வேலைதான் பொறாமையை ஏற்படுத்தும்.

அதனாலே அவர்களது பாடு இலேசானது என்று சொல்ல வரவில்லை. ஆறு மாதம் ஒரே முகத்தைப் பார்த்திருக்கும் இருவர், எதற்கு எப்போது பேசாமல் இருக்கவேண்டும் என்பதைக் கற்றாக வேண்டும். கோபித்துக்கொண்டு போவதற்கு அங்கே போக்கிடம் இல்லை. மழைக்குள் ஒருவர் மழைமானியடிக்குப் போனால் மற்றவர் அடுப்பைப் பார்க்கிறார். ஊரிலே தாய் தகப்பன் நோயுற்ற செய்தி வந்தாலும் காற்று ஓயும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மார்ச் மாதத்திலோ செப்தெம்பரிலோ, வானம் தெளிந்த ஒரு நாளில் ஹெலிகொப்டரின் ஒலி கேட்கின்றது. புதியவர்களின் பெட்டிகள் இறங்குகின்றன. எந்தத் தண்ணீர்த் தாங்கியின் குழாய் ஒழுகுகின்றது, எந்த யன்னலைப் புயலுக்கு முன் உள்ளிருந்து கட்டவேண்டும், புல்வெட்டும் இயந்திரத்தை எப்படித் தொடக்கினால் அது தொடங்கும் என்பனவற்றையெல்லாம் பழையவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். தோட்டத்திலே அவர்கள் நட்டுவைத்த மரக்கறியை இனி மற்றவர்கள் சமைத்து உண்பார்கள். குறிப்பேட்டிலே அன்று காலை ஒரு கையெழுத்திலும் பிற்பகல் வேறொரு கையெழுத்திலும் முகிலின் கூறுகள் பதியப்படுகின்றன.