பறக்கும் பொறியின் பாட்டரியும் உஷ்ணமும்

வடநாட்டு நகரங்களில் கல்யாணங்களைப் படம் பிடிக்கவும், நிலங்களை அளக்கவும் ‘டிரோன்’ என்னும் ஆளில்லாப் பறக்கும் பொறியைக் கையாண்டு பிழைக்கும் அன்பர்கள், பொறியைக் கண்ணெனக் காப்பார்கள். அதன் பாட்டரியையோ பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். குடும்பமும் தொழிலும் ஒரே அறையில் நடைபெறும் இல்லங்களில் இம்மறதி ஆபத்தானது.

பாட்டரியில் உஷ்ணம் பிறப்பது எங்ஙனம்? மின்சாரம் பாய்கையில் உள்ளேயுள்ள தடை அதில் ஒரு பகுதியை வெப்பமாக்குகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். டிரோனுக்கோ காற்றில் அசையாது நிற்பதற்கே இடைவிடாத சக்தி தேவை. மே மாதத்து ராஜஸ்தானத்தில் 45 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் நாட்கள் உண்டு. அவ்வெயிலில் பறந்து இறங்கிய பாட்டரிக்கு உடனே மின்னேற்றினால் சூட்டின்மேல் சூடு சேரும். உள்ளிருக்கும் ரசாயனத் திரவம் சிதைந்து வாயு உண்டாகும்; உறை உப்பும். தடை மிகும், தடை மிக மிக வெப்பமும் மிகும். முடிவில் தீப்பற்றவும் கூடும். ஆதலின், நிழலில் வைத்து, தொட்டால் சூடு தெரியாத நிலை வந்த பின்னரே மின்னேற்ற வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து விரைவாகக் குளிர்விப்பது தவறு, ஈரம் படியும். லடாக் போன்ற இடங்களில், பூஜ்ய டிகிரிக்குக் கீழே மின்னேற்றுவதும் கேடே. அப்போது லிதியம் உலோகமாகப் படிந்து பாட்டரியைப் பழுதாக்கும்.

புதிய பாட்டரியை இரவு முழுதும் மின்னேற்றி, முற்றும் தீர்த்து, மும்முறை பழக்க வேண்டும் என்பர் சிலர். அது நிக்கல்-காட்மியம் பாட்டரிக் காலத்து வழக்கம். 1991-இல் விற்பனைக்கு வந்த லிதியம்-அயான் இனத்துக்கு அது பொருந்தாது. தேவையான முதற் பழக்கத்தைத் தொழிற்சாலையே செய்துவிடுகிறது. முற்றும் தீர்ப்பதோ தீங்கு தரும். முதற் சில பறத்தல்களை நிதானமாக நடத்தி, கால் பங்கு மீதமிருக்கும்போதே இறக்கி, அறைகளின் வோல்ட் அளவுகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். ஒத்திராவிடில் குறை அப்போதே வெளிப்படும்.

சாதாரண லிதியம்-பாலிமர் பாட்டரியில் நிறைந்த அறை ஒன்று 4.2 வோல்ட் காட்டும். அந்நிலையில் நாட்கணக்கில் வைத்தால் அது விரைவில் மூப்படையும். பொங்கலுக்கு ஊர் செல்பவர்கள் ஏறத்தாழப் பாதி அளவில், அதாவது அறைக்கு 3.8 வோல்ட் அளவில், குளிர்ந்த இடத்தில் வைத்துச் செல்வது நன்று. விமானத்தில் உதிரிப் பாட்டரியைக் கைப்பையில்தான் கொண்டு செல்ல வேண்டும். முனைகளை மூடி வைப்பதும் அவசியம்.

உறங்கும் நேரத்தில் மின்னேற்றாதீர்கள். படுக்கையருகே வேண்டவே வேண்டாம். உப்பிய பாட்டரியைக் குத்திப் பார்க்காமலும் குப்பையில் எறியாமலும் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். ஒரு பாட்டரியின் விலை பெரிதாகத் தோன்றலாம். வீட்டில் உறங்கும் குழந்தைகளின் பாதுகாப்பு அதனினும் பெரிதன்றோ?