புராஸ்டேட் புற்றுநோய்: ஆபரேஷனா, கண்காணிப்பா?



ராத்திரியில் நாலஞ்சு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கும் பெரியவர்கள் நம் லயங்களில் பலர். கேட்டால், "வயசாச்சு, அப்படித்தான்" என்பார்கள். பெரும்பாலும் அது புராஸ்டேட் சுரப்பி வீங்குவதால் வருவது. இந்தச் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உண்டு. மூத்திரப் பைக்குக் கீழே இருக்கிறது. வீக்கமெல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் இதே சுரப்பியில் புற்றுநோயும் வரும். ஆரம்பத்தில் சத்தமில்லாமல் இருக்கும். பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி ஆகியவைதான் அதைக் காட்டிக் கொடுக்கும்.

ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், "புற்றுநோய்தான், ஆனால் சிறியது. ஆபரேஷனும் செய்யலாம், கண்காணித்தும் வரலாம். யோசித்துச் சொல்லுங்கள்" என்றால் என்ன செய்வீர்கள்? வீட்டில் ஒருவர், "உடனே வெட்டி எறிங்கப்பா" என்பார். மற்றவர், "கத்தி பட்டா பரவிடும்" என்பார். கத்திக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப் போடுவது தவறு. உடனே வெட்டுவதும் எல்லாருக்கும் பொருந்தாது.

பயாப்சி முடிவில் 'கிளீசன்' என்று ஓர் எண் இருக்கும். 6 என்றால் மெதுவாக வளரும் நோய். 8, 9, 10 என்றால் வேகமானது. அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சுரப்பியைத் தாண்டாத நோயுள்ள 1,643 ஆண்களை பிரிட்டனில் மூன்று பிரிவாக்கி, கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று கொடுத்துப் பார்த்தார்கள். 15 ஆண்டு முடிவு 2023இல் வெளியானது. எந்தப் பிரிவானாலும், நூற்றுக்கு 97 பேர் இந்த நோயால் சாகவில்லை! ஆனால் நோய் வேறு இடத்துக்குப் பரவியது கண்காணிப்பில் நூற்றுக்கு 9 பேருக்கு. மற்ற இரண்டிலும் 5 பேருக்கு. கண்காணிப்பில் இருந்தவர்களில் 61 பேர் பின்னால் சிகிச்சைக்கு மாறினார்கள். ஆபரேஷனுக்கும் விலை உண்டு. ஆறு ஆண்டு கழித்தும் நூற்றுக்கு 17 பேர் மூத்திரக் கசிவுக்குத் துணிப்பட்டை வைத்தார்கள். கண்காணிப்பில் 8 பேர். ஆண்மைக் குறைவும் ஆபரேஷன் செய்தவர்களிடமே அதிகம்.

பக்கத்துச் சிங்கப்பூரில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் 2015இல் 63 வயதில் இதே கேள்வியைச் சந்தித்தார். பயாப்சியில் எடுத்த துணுக்குகளில் ஒன்றில்தான் புற்றுநோய். அவர் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தார். பிறகு 2024 வரை பதவியில் இருந்தார். அவருக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. 75 வயது, இருதய நோய், கிளீசன் 6 என்றால் கணக்கே வேறு.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கண்காணிப்பு என்றால் வீட்டில் சும்மா இருப்பது அல்ல. சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, டாக்டர் சொல்லும்போது ஸ்கேன், பயாப்சி. பெர்ரி ஏறிப் போகணும், அன்றைய பேரு போகும். அதற்காகத் தேதியைத் தவறவிட்டால் அது கண்காணிப்பு அல்ல, கைவிடுதல். தேதியை மண்டோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் என்றால், சில வாரம் குலை வெட்டவோ பாரம் தூக்கவோ கூடாது. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு சட்டத்தில் உண்டு.

மனைவியையோ மகனையோ கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் கேளுங்கள்:

என் கிளீசன் எண் என்ன? நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா? கண்காணிப்பில் எது மாறினால் சிகிச்சைக்கு வரணும்? ஆபரேஷன் செய்தால் மூத்திரமும் ஆண்மையும் எப்படி இருக்கும்? கதிர்வீச்சு எனக்கு ஆகுமா?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறிய நோய் என்றால் யோசிக்க அவகாசம் உண்டு. பதில்களைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கிளினிக் கார்டில் உள்ள தேதியை மறக்காதீர்கள்!