பீங்கான் சவாரி

வியன்னா நகரத்து வண்டிக்காரர்களிடம் ஒரு காலத்தில் ‘பீங்கான் சவாரி’ என்றொரு குழூஉக்குறி புழங்கியது. பீங்கான் பாத்திரங்களை அடுக்கி ஏற்றிய வண்டியைப் போல, குலுங்காமல், அவசரப்படாமல் ஓட்ட வேண்டிய சவாரி என்று பொருள். உள்ளே பாத்திரம் எதுவும் இருக்காது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருப்பார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் என்றும் ஒன்று இருக்காது. பிராட்டர் பூங்காவின் மரங்கள் அடர்ந்த சாலையில் ஒரு சுற்று, மனம் வந்தால் இன்னொரு சுற்று. வண்டிக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். பிற்பாடு யாரிடமும் வாய் திறக்கவும் மாட்டார்.

19ஆம் நூற்றாண்டு வியன்னாவில் வசதியான வீட்டுப் பெண் துணையில்லாமல் வெளியே போவது எளிதான காரியமாக இல்லை. காபிக்கடையில் உட்கார்ந்தால் தெரிந்தவர் கண்ணில் படும். அறை எடுத்தால் ஊர் பேசும். மிச்சமிருந்தது மூடிய குதிரை வண்டி. நெரிசலான நகரத்தின் நடுவே சக்கரம் பூட்டிய ஒரு சின்ன அறை. ஆர்த்தர் ஷ்னிட்ஸ்லர் 1897இல் எழுதிய ‘இறந்தவர்கள் பேசுவதில்லை’ என்ற கதை அப்படியொரு வண்டியில்தான் தொடங்குகிறது. மணமான பெண்ணும் அவள் காதலனும் இருட்டிய பிறகு வண்டியேறுகிறார்கள். வண்டி விபத்துக்குள்ளாகிறது, காதலன் இறந்துபோகிறான். விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற திகிலில் அவனைச் சாலையிலேயே விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு ஓடுகிறாள். வாடகை வண்டிக்குள் எவ்வளவு பெரிய ரகசியம் அடங்கியிருக்க முடியும் என்பது அந்தக் கதையை முதலில் படித்த வியன்னாக்காரர்களுக்கு விளக்கத் தேவையிருந்திருக்காது.

இன்றைக்கு அதே நகரத்தில் அதே மாதிரி வண்டியில் ஏறும் காதலர்கள் கூரையை மடக்கிவிட்டு உட்காருகிறார்கள். எல்லோரும் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். ஒளிந்துகொள்வதற்காக இருந்த வண்டி, காட்சி தருவதற்கான வண்டியாகிவிட்டது. அந்த மாற்றத்துக்குப் பிறகும் மாறாமல் இருப்பவை இரண்டு: நிதானம், குதிரை. சவாரியின் இன்பம் முழுக்க இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

வியன்னாவில் இந்த வண்டிக்கு ஃபியாக்கர் என்று பெயர். நான்கு சக்கரம், இரண்டு குதிரை. ஓட்டுகிறவருக்கும் ஃபியாக்கர் என்றே பெயர். தெருவில் நின்று “ஆட்டோ!” என்று நாம் கூப்பிடும்போது வண்டியையும் ஓட்டுநரையும் சேர்த்தே கூப்பிடுகிறோமே, அதுபோல. பெயர் வந்தது பாரிஸிலிருந்து. 17ஆம் நூற்றாண்டில் அங்கே வாடகை வண்டிகள் நின்ற ஒரு விடுதியின் பெயரில் செயின்ட் ஃபியாக்கர் என்ற புனிதர் இருந்தார். அயர்லாந்தில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த துறவி அவர். தோட்டக்காரர்களின் காவலர் என்று வணங்கப்படுகிறவர். விடுதிப் பெயர் வண்டிக்கு ஒட்டிக்கொண்டது, வண்டியோடு சேர்ந்து வியன்னாவுக்கும் வந்துவிட்டது. வியன்னாவில் முதல் வாடகை வண்டி உரிமம் 1693இல் வழங்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபியாக்கர்கள் ஓடின.

இன்னொரு சொல்லுக்கும் இந்த வட்டாரமே தாய்வீடு. வியன்னாவிலிருந்து புடாவுக்குப் போகும் பழைய பாதையில், ஹங்கேரியில், கோச் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்யப்பட்ட இலகுவான, வேகமான பயண வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கின. ஊர்ப்பெயரே வண்டியின் பெயராகி ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று ஒவ்வொரு மொழியாக நுழைந்தது. ஜமீன்தார் காலத்துக் கதைகளில் வரும் கோச்சு வண்டியும், ரயில் நிலைய ஒலிபெருக்கி அறிவிக்கும் கோச் எண்ணும் அந்தக் கிராமத்தின் பெயரைத்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நல்ல வண்டிக்காரருக்கு அந்நாளில் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது; பாட வேண்டும், ராகமாய்ச் சீட்டியடிக்க வேண்டும், நகைச்சுவையாகப் பேச வேண்டும். குஸ்தாவ் பிக் எழுதிய ‘ஃபியாக்கர் பாட்டு’ 1885இல் நடிகர் அலெக்சாண்டர் ஜிரார்டியின் குரலில் பிரபலமாகி, நகரத்தின் சொந்தப் பாட்டாகவே ஆகிவிட்டது. காபிக்கடைப் பட்டியலிலும் வண்டி ஏறிக்கொண்டது. ஒற்றைக் குதிரை வண்டிக்கு அங்கே ‘ஐன்ஷ்பென்னர்’ என்று பெயர். கண்ணாடிக் குவளையில் கெட்டியான கருப்புக் காபி, மேலே தடிமனாக அடித்த பாலாடை என்று வரும் பானத்துக்கும் அதே பெயர்தான். ஒரு கையில் கடிவாள வாரைப் பிடித்தபடி மறுகையில் குவளையோடு குளிரில் காத்திருந்த வண்டிக்காரருக்கு, பாலாடை மூடிபோல இருந்து காபியின் சூட்டைக் காத்தது என்று சொல்வார்கள்.

வண்டிக்காரர்களிலேயே பேர் நிலைத்தவர் யோசப் பிராட்ஃபிஷ். சீட்டியிலும் பாட்டிலும் கெட்டிக்காரர். ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசப்பின் ஒரே மகன், பட்டத்து இளவரசர் ருடால்ஃப், தம் அந்தரங்கப் பயணங்களுக்கு அரண்மனை வண்டியை விட்டுவிட்டு இவருடைய வண்டியைத்தான் நாடினார். அரண்மனை வண்டி என்றால் ஊரே பார்க்கும். வாடகை வண்டியை யார் கவனிப்பார்கள்? 1889 ஜனவரி 28 அன்று அவருடைய காதலி மேரி வெட்செரா என்ற 17 வயதுப் பெண்ணை வியன்னாவிலிருந்து மாயர்லிங் வேட்டை மாளிகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பிராட்ஃபிஷின் வண்டிதான். மறுநாள் இரவு அங்கே இளவரசர், மேரி இருவருக்காகவும் அவர் பாடிச் சீட்டியடித்ததாகச் சொல்லப்படுகிறது. ஜனவரி 30 காலை, பூட்டிய அறைக்குள் இருவரும் சுடப்பட்டு இறந்துகிடந்தார்கள். இளவரசருக்கு வயது 30. அந்தச் சாவைப் பற்றி ஐரோப்பா இன்றுவரை பேசி ஓயவில்லை. பிராட்ஃபிஷ் மட்டும் பேசவில்லை. தாம் கண்டதையும் கேட்டதையும் விலைபேசாமலே 1892இல் இறந்துபோனார். பீங்கான் சவாரியின் எழுதப்படாத ஒப்பந்தத்தை அவரளவுக்குக் காப்பாற்றியவர் இல்லை.

இன்றைய சவாரி பெரும்பாலும் ஸ்டீஃபன் பேராலயத்தின் நிழலில் தொடங்குகிறது. 136 மீட்டர் உயரமுள்ள தெற்குக் கோபுரத்தை நகரவாசிகள் ‘ஷ்டெஃப்ல்’ என்று செல்லமாக அழைப்பார்கள். வீட்டுப் பையனைக் கூப்பிடுவதுபோல. பேராலயத்தின் வடபக்கச் சுவரையொட்டி வண்டிகள் வரிசையாக நிற்கும். ஓட்டுநர் தலையில் உருண்டைத் தொப்பி. ஆண்கள் மட்டுமே செய்துவந்த இந்த வேலையில் இப்போது பெண்களும் நிறைய இருக்கிறார்கள். தேர்வு எழுதித் தேறாமல் யாரும் கடிவாளத்தைத் தொட முடியாது. பழைய நகருக்குள் மட்டும் போய்வரும் சிறு சுற்று சுமார் 20 நிமிடம், அதைச் சுற்றி ஓடும் ரிங் சாலையையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய சுற்று சுமார் 40 நிமிடம்.

வண்டி நகர்ந்ததும் முதலில் மாறுவது உயரம். காரில் போகிறவரைவிட ஓர் ஆள் இடுப்பளவு மேலே உட்கார்ந்திருக்கிறோம். கடைப் பலகைகளுக்குப் பதில் முதல் மாடிச் சன்னல்களும் வாசல் மேலுள்ள கற்சிற்பங்களும் கண்ணுக்கு நேராக வருகின்றன. குறுகிய சந்துகளில் குளம்பொலி இரு பக்கச் சுவரிலும் பட்டுத் திரும்பி, இரண்டு குதிரைகளை நான்காகக் காட்டுகிறது. மனிதர் விரைந்து நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். இந்தத் தெருக்கள் அந்த வேகத்துக்காகவே போடப்பட்டவை. அதனால்தான் பேருந்துச் சன்னலில் கலைந்து ஓடும் கட்டடங்கள் இங்கே ஒவ்வொன்றாக நின்று முகம் காட்டுகின்றன.

மிஹாயெலர் சதுக்கத்தில் வண்டி வளையும்போது ஒரே பார்வையில் மூன்று காலங்கள் தெரியும். நடுவே தோண்டி எடுத்துத் திறந்தபடி விட்டிருக்கும் பள்ளத்தில் ரோமானியர் காலத்துச் சுவர்கள். ஒரு பக்கம் பச்சைக் குவிமாடத்தோடு ஹோஃப்பர்க் அரண்மனை வாசல். எதிரே, அடோல்ஃப் லோஸ் என்ற கட்டடக் கலைஞர் 1911 வாக்கில் கட்டி முடித்த வீடு. சன்னல்களுக்கு மேல் அலங்காரம் எதுவும் வைக்காததால் ‘புருவமில்லாத வீடு’ என்று ஊர் அதைத் தூற்றியது. இன்று அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள்.

அரண்மனை வாசலுக்குள் நுழைந்து மறுபுறம் வந்தால் ஹெல்டன்பிளாட்ஸ், வீரர்களின் சதுக்கம். அங்கே அன்டன் டொமினிக் ஃபெர்ன்கோர்ன் வடித்த இரண்டு வெண்கலக் குதிரைவீரர் சிலைகளைக் குதிரை வண்டியில் இருந்தபடி பார்ப்பது தனி அனுபவம். 1860இல் திறக்கப்பட்ட கார்ல் கோமகனின் சிலையில், அவ்வளவு பெரிய குதிரையின் முழு எடையும் பின்னங்கால்கள் இரண்டில் மட்டுமே நிற்கிறது. ஐந்தாண்டு கழித்து எழுந்த இளவரசர் ஆய்கனின் சிலையில் வாலும் தரையில் ஊன்றியிருக்கிறது. தெரிந்துகொண்டு பார்த்தால் கண் தானாக வாலைத் தேடும்.

சிலைக்குதிரையைப் பார்க்கிற கண்ணுக்கு முன்னால், இழுத்துப் போகிற குதிரை இருக்கிறது. அதைப் பற்றித்தான் வியன்னா பல ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறது.

வண்டியில் ஆறு பேர் உட்கார்ந்தால் குதிரைக்கு வலிக்காதா என்பதுதான் பார்ப்பவர் மனதில் முதலில் எழும் கேள்வி. சமதரையில் உருளும் சக்கரத்தை இழுக்க, சுமையின் எடையில் சிறு பங்கு அளவுக்கே விசை போதும். ஆகவே ஆரோக்கியமான இரண்டு குதிரைகளுக்கு எடை பெரிய பிரச்சினை இல்லை. உண்மையான தொல்லை வேறு இடங்களில் இருக்கிறது. முதலாவது, தரை. புல்வெளிக்காகப் பிறந்த குளம்பு, கல்லிலும் தாரிலும் நாளெல்லாம் மோதுகிறது. ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் மூட்டுக்கு ஏறுகிறது. இரண்டாவது, சத்தமும் நெரிசலும். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் தன்னைச் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். மிரளாமல் இருக்கவே கண்ணோரத்தில் தோல் மறைப்பு கட்டுகிறார்கள். மூன்றாவதும் முக்கியமானதும் வெயில். அவ்வளவு பெரிய உடம்பின் சூட்டை வியர்வையால்தான் வெளியேற்ற வேண்டும். கட்டடங்களுக்கு நடுவே காற்று நின்றுபோன பகலில் அது கடினம்.

வியன்னா 2016இல் ஒரு விதி கொண்டுவந்தது: வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தொட்டால் குதிரைகள் லாயத்துக்குத் திரும்ப வேண்டும். விலங்கு நல ஆர்வலர்கள் அதை 30 டிகிரியாகக் குறைக்கக் கேட்கிறார்கள். வண்டி நடத்துகிறவர்கள் பிழைப்பு போய்விடும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் குதிரை நிற்பது வானிலை நிலையத்து நிழலில் இல்லை, வெயிலில் காய்ந்த கல்தளத்தின் மேல். வரம்பைக் கீழே இறக்குவதே சரி. தெருவில் லத்தி விழாமல் இருக்க வாலுக்குக் கீழே பை கட்ட வேண்டும் என்றும் விதி உண்டு. குதிரைகளுக்கு ஓய்வு நாள் கொடுக்காமல் தொடர்ந்து பூட்டவும் முடியாது.

வேறு நகரங்கள் வாதத்தை முடித்துவிட்டன. மும்பையின் ‘விக்டோரியா’ வண்டிகளை 2015இல் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. பிற்பாடு அதே தோற்றத்தில் மின்சார வண்டிகள் வந்தன. கனடாவின் மாண்ட்ரியால் 2019 இறுதியோடு குதிரை வண்டியை நிறுத்தியது, அமெரிக்காவின் சிகாகோ 2021 தொடக்கத்தோடு. மின்சார வண்டியில் உயரம் கிடைக்கும், நிதானமும் கிடைக்கும். குளம்பொலி கிடைக்காது. அந்த ஒலி வேண்டுமென்றால் அதற்குரிய பொறுப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏறப்போகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விலை பேசுவதற்கு முன் குதிரையின் பக்கத்தில் இரண்டு நிமிடம் நிற்கலாம். சேணப்பட்டையின் ஓரத்தில் புண்ணோ முடி உதிர்ந்த தழும்போ இருக்கிறதா? நடக்கும்போது ஒரு காலை ஊன்றுகையில் மட்டும் தலையைத் தூக்கிப் போடுகிறதா? அப்படிப் போட்டால் காலில் வலி இருக்கலாம். காதுகள் பின்னால் படிந்தே கிடக்கின்றனவா? பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கிறதா? ஒரு பின்னங்காலை லேசாக மடித்து, கண் சொருகி நிற்கிற குதிரையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. குதிரை நின்றபடியே இளைப்பாறும், கால் மாற்றி மாற்றி. நல்ல ஓட்டுநர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். குதிரையின் பெயர், வயது, குணம் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். இரண்டுக்கும் இடையில் யாருக்கு யார் மேல் பொறாமை என்பதுவரை சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு.

பொழுது சாய்ந்த பிறகு சதுக்கத்து வரிசை ஒவ்வொன்றாகக் கரைகிறது. லாயங்கள் நகரத்தின் வெளிவட்டாரங்களில் இருக்கின்றன. காலி இருக்கையோடு, பின்னால் விளக்கு மினுங்க, டிராம் வண்டிகளுக்கும் கார்களுக்கும் நடுவே ஃபியாக்கர்கள் வரிசையாகத் திரும்புகின்றன. சவாரியில் தளர்ந்து நடந்த குதிரைகள் இப்போது யாரும் சொல்லாமலே நடையை எட்டிப் போடுகின்றன. ஓட்டுநர் கடிவாள வாரைத் தளர்த்திப் பிடித்திருக்கிறார். எந்த மூலையில் திரும்ப வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும்.